டர்னர் பரிசும் அரசியலும்: அல்சூர் தமிழ் வகுப்பு ஒன்றின் மதிப்புரை

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பின்புறத் தெரு ஒன்றில், ஓவியப் பள்ளியாகவும் படங்களுக்குச் சட்டம் போடும் கடையாகவும் ஒருசேர இயங்கும் சிறிய கலைக்கூடம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழில் கலை வகுப்புகளை நடத்திவருகிறது. அண்மையில் முடிந்த தொடரின் பொருள், சமகாலக் கலைக்குப் பிரிட்டனில் வழங்கப்படும் டர்னர் பரிசும் அதில் இடம்பெற்றுவந்த அரசியலும். ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், கட்டணம் 2,500 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. கையேடும் இடைவேளைத் தேநீரும் கட்டணத்துக்குள் அடங்கும். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அல்சூர், மர்பி டவுன், ஃபிரேசர் டவுன் பக்கத்துத் தமிழர்கள்: எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மென்பொருள் நிறுவன ஊழியர்கள், சித்ரகலா பரிஷத் கலைக் கல்லூரி மாணவர்கள். எவரும் பரிசுக் கண்காட்சியை நேரில் பார்த்தவர்கள் அல்லர். படைப்பைப் பார்க்காமலே படைப்பைப் பற்றிப் பேசும் ஆபத்து இத்தகைய வகுப்பு எதற்கும் உண்டு. அந்த ஆபத்தை இந்த வகுப்பு எங்கே கடந்தது, எங்கே அதில் சிக்கிக்கொண்டது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

பாடம் நடத்துபவர் சென்னை எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர். பரிசின் வரலாற்றை அவர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார், அதுவே போதுமானது. 1984-இல் இலண்டன் டேட் கலைக்கூடத்தின் புரவலர் குழு ஒன்று, ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னரின் பெயரால் தொடங்கிய பரிசு. முதலில் வென்றவர் மால்கம் மார்லி. பணம் கொடுத்துவந்த அமெரிக்க முதலீட்டு நிறுவனம் திவாலானதால் 1990-இல் பரிசே இல்லை. 1991-இல் சேனல் 4 தொலைக்காட்சி பொறுப்பேற்றபோது பரிசுத் தொகை 20,000 பவுண்டாக உயர்ந்தது, ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே என்ற வரம்பும் வந்தது. அவ்வாண்டு வென்றவர் மும்பையில் பிறந்த அனீஷ் கபூர். ஒருவர் முந்தைய ஓராண்டில் எங்கேனும் வைத்த கண்காட்சியை முன்னிட்டு நடுவர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும், அதன்பின் நான்கு பேர் பட்டியல் தனியே ஒரு கண்காட்சியாக மக்கள் முன் வைக்கப்படுகிறது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். பின்னால் இந்த வேறுபாடு பெரிதும் பயன்பட்டது.

வகுப்பின் உண்மையான பலம் அவர் கையாளும் முறையில் இருக்கிறது. படைப்பின் படத்தைத் திரையில் காட்டிவிட்டு, தலைப்பும் ஆண்டும் விளக்கமும் இல்லாமல், சில நிமிடங்கள் எவரையும் பேசவிடாமல் பார்க்கச் சொல்கிறார். பிறகு கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும், கருத்து கூடாது. அதற்குப் பின்னரே வழக்கு, சட்டம், தேதி, பணம் எல்லாம் வருகின்றன. அரசியல் ஓவியத்துக்குள் இருக்கிறதா, பக்கத்துச் சுவரில் ஒட்டிய விளக்கத்தாளில் இருக்கிறதா என்று பிரித்தறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு படைப்பு துயரமான பொருளை எடுத்துக்கொண்டது என்பதற்காகவே நாம் அதற்கு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். டர்னர் பரிசின் கடந்த கால் நூற்றாண்டில் அந்தப் பழக்கம் நடுவர்களுக்கும் இருந்ததா என்ற ஐயம் எனக்கு இந்த வகுப்பில்தான் வலுப்பட்டது.

முதல் அமர்வு முழுவதும் ஒரே ஓவியம்: 1998-இல் பரிசு பெற்ற கிறிஸ் ஒஃபீலி அவ்வாண்டு வரைந்த 'நோ உமன், நோ கிரை'. எட்டடி உயரத் திரைச்சீலை. தங்கநிறப் பின்னணியில் பக்கவாட்டில் தலைகுனிந்து அழும் கறுப்பினப் பெண். படம் சுவரில் மாட்டப்படாமல், பதப்படுத்திய யானைச் சாண உருண்டைகள் இரண்டின் மேல் நிற்கிறது. மூன்றாவது உருண்டை அவள் கழுத்துச் சங்கிலியில் பதக்கமாகத் தொங்குகிறது. அன்றைய பத்திரிகைகள் சாணத்தைப் பிடித்துக்கொண்டு வேறெதையும் பார்க்கவில்லை. எதிர்ப்பாளர் ஒருவர் டேட் வாசற்படியில் மாட்டுச் சாணத்தைக் கொண்டுவந்து கொட்டினார். மார்கழியில் சாணம் தெளித்த வாசலில் கோலம் போட்டு வளர்ந்தவர்கள் நிறைந்த அந்த அறையில் யாருக்கும் அந்த அதிர்ச்சி பிடிபடவில்லை, அதனால் எல்லோருடைய கண்ணும் நேரே கண்ணீருக்குப் போயிற்று. ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்குள்ளும் ஓர் இளைஞனின் முகம் ஒட்டப்பட்டிருப்பதைப் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொன்னார்.

அதன் பிறகே ஆசிரியர் வழக்கைச் சொன்னார். 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு இலண்டன் எல்த்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயது மாணவனை வெள்ளையின இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. ஓவியத்தில் அழுபவர் அவனுடைய தாய் டோரீன் லாரன்ஸ். ஒஃபீலி வரைந்துகொண்டிருந்த ஆண்டில் விசாரணை ஆணையம் நடந்துகொண்டிருந்தது. காவல்துறைக்குள் நிறுவனமாகவே இனவெறி ஊறியிருக்கிறது என்று கூறிய மெக்ஃபெர்சன் அறிக்கை 1999 பிப்ரவரியில்தான் வந்தது. இருவர் தண்டிக்கப்பட 2012 ஆயிற்று. ஆக, பரிசு கொடுக்கப்பட்டபோது நீதி கிடைத்திருக்கவில்லை, அறிக்கையும் வந்திருக்கவில்லை. விளக்கை அணைத்தால் மட்டும் தெரியும் வண்ணத்தில் ஸ்டீபனின் பெயரும் அவன் பிறந்த, இறந்த ஆண்டுகளும் படத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்ற செய்தியை ஆசிரியர் கடைசிக்கு வைத்திருந்தார். மூன்று அடுக்குகளில் ஓர் ஓவியம் பேசுவதை இவ்வளவு நிதானமாகப் பிரித்துக் காட்டிய வகுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த ஒரு மாலைக்கே கொடுத்த பணம் சரியாகிவிட்டது.

இரண்டாவது அமர்வு இன்னும் வளமானது. 2001 ஜூன் மாதம் பிரையன் ஹா என்பவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் எதிரே, ஈராக் மீதான பொருளாதாரத் தடையைக் கண்டித்துத் தனியாளாக உட்கார்ந்தார். போர் வந்த பிறகும் எழவில்லை. பதாகைகள், குழந்தைகளின் படங்கள், பொம்மைகள், தார்ப்பாய் என்று அவருடைய இடம் ஏறத்தாழ நாற்பது மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. நாடாளுமன்றச் சதுக்கத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதியற்ற போராட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2005-இல் வந்தது. 2006 மே 23 அன்று காவல்துறை அவருடைய பொருள்களில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போயிற்று. மார்க் வாலிஞ்சர் அவற்றை ஒவ்வொன்றாக, கறையும் கிழிசலும் உட்பட, மறுபடி செய்யவைத்து 2007 ஜனவரியில் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் நடு மண்டபத்தில் அடுக்கினார். தலைப்பு 'ஸ்டேட் பிரிட்டன்'. அவ்வாண்டின் டர்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான்.

எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இங்கே குறுக்கிட்டார். "அங்கே போலீஸ் பிடுங்கிப் போனதை இங்கே அலங்காரமா அடுக்கி வச்சா, அது போராட்டமா, கொலுவா சார்?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கியதும் ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டினார்: மண்டபத் தரையில் ஒட்டிய ஒரு கோடு. ஒரு கிலோமீட்டர் வட்டம் அந்தக் கட்டடத்தைக் குறுக்கே வெட்டிச் செல்வதாக வாலிஞ்சர் கணக்கிட்டு, அது செல்லும் தடத்தை நாடாவால் குறித்திருந்தார். அவருடைய அடுக்கில் ஒரு பகுதி சட்டம் தடைசெய்த வட்டத்துக்குள் நின்றது. அருங்காட்சியகத்துக்குள் இருப்பதால் இது கலை, ஆகவே குற்றமில்லை என்றால், வெளியே வெயிலில் இருந்தவருக்கு அந்தச் சலுகை ஏன் இல்லை என்பதே கேள்வி. பெரியவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த மனுஷன் வெளியேதானே உட்கார்ந்திருந்தார்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஹா 2011-இல் இறக்கும்வரை அவருடைய போராட்டம் சில மீட்டர் இடத்துக்குள் சுருக்கப்பட்டே இருந்தது. நாடாளுமன்றச் சதுக்கம் பற்றிய அந்தப் பிரிவுகளை நீக்கும் சட்டம் அதே ஆண்டில்தான் நிறைவேறியது. நடுவர்கள் முன்னிட்ட கண்காட்சி இதுவாக இருக்க, லிவர்பூலில் நடந்த பரிசுக் கண்காட்சியில் வாலிஞ்சர் வைத்தது கரடி வேடமணிந்து இரவில் பெர்லின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உலாவிய தம் படப்பதிவை என்பது வேடிக்கையான ஒரு துணைச்செய்தி. அரசியலுக்குப் பரிசு, மக்கள் வந்து பார்ப்பதற்குக் கரடி என்று ஒரு மாணவர் முணுமுணுத்தார்.

பெங்களூருவில் ஊர்வலமும் போராட்டமும் ஃபிரீடம் பார்க்கில் மட்டுமே நடக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு வாழ்பவர்களுக்கு அந்தத் தரைக்கோடு எங்கோ இருக்கும் செய்தியன்று. பழைய மத்தியச் சிறை இருந்த வளாகம்தான் இன்று எதிர்ப்புக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்பதை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் சொல்லி, விவாதத்தை வேறு பக்கம் இழுக்காமல் நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சுல்தான்பாளையத்தில் 2015-இல் சாலைப் பள்ளத்தில் முதலை உருவத்தை இறக்கி விட்டு மாநகராட்சியை ஓடவைத்த பாதல் நஞ்சுண்டசாமியைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அது வேறு வகை என்று கடந்து போனது சரியாகப்படவில்லை. பரிசு, நடுவர், மண்டபம் எதுவுமின்றி நகரத்தின் தரையிலேயே வேலை செய்த கலை அது. வாலிஞ்சருக்கு எதிரே வைத்துப் பேசியிருந்தால் பெரியவரின் கேள்விக்கு இன்னும் நேர்மையான பதில் கிடைத்திருக்கும்.

மூன்றாவது அமர்வு பணத்தைப் பற்றியது, இதை நான் மிகவும் எதிர்பார்த்திருந்தேன். 1993-இல் பரிசை வென்ற முதல் பெண்ணான ரேச்சல் வைட்ரீட், கிழக்கு இலண்டன் குரோவ் சாலையில் இடிக்கப்படவிருந்த தொடர்வீடுகளில் கடைசியாக நின்ற ஒன்றின் உட்புறத்தைக் கான்கிரீட்டில் வார்த்து, வெளிச்சுவரை அகற்றிவிட்டார். குடியிருந்த வெளியே கல்லாகி நின்றது. பரிசு அறிவிக்கப்பட்ட அதே நாளில், அதை இடித்துவிட வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் வாக்களித்தது. 1994 ஜனவரியில் இடித்தும்விட்டார்கள். வீட்டுரிமை பற்றி ஒரு முழக்கமும் அதில் எழுதப்படவில்லை, எனினும் நகரம் யாரை அகற்றுகிறது என்பதை அதைவிட வெளிப்படையாகச் சொன்ன படைப்பு அப்பரிசின் வரலாற்றில் அரிது.

இதற்கு நேர் மாறாக எண்ணிக்கையால் பேசுவது 2016-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த மைக்கேல் டீனின் படைப்பு. இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு ஓராண்டின் வறுமைக்கோடு 20,436 பவுண்டு என்ற கணக்கை எடுத்துக்கொண்டு, அவ்வளவையும் ஒரு பென்னி நாணயங்களாகக் கண்காட்சித் தரையில் குவித்தார். பிறகு அதிலிருந்து ஒரே ஒரு நாணயத்தை எடுத்துவிட்டார். எஞ்சியவை 20,43,599 நாணயங்கள். தரையில் கிடக்கும் பெருங்குவியல் செல்வம்போலத் தெரிகிறது, ஆனால் அது ஒரு காசு குறைவான வறுமை. மென்பொருள் துறையில் வேலை செய்யும் பெண் ஒருவர், "அந்த ஒரு காசை யார் எடுத்தாங்கன்னுதான் சார் கேக்கத் தோணுது" என்றார். வகுப்பில் கேட்ட மிக நல்ல வாக்கியம் அதுதான். டீனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவ்வாண்டு வென்ற ஹெலன் மார்ட்டன் பரிசுப் பணத்தை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதாக அறிவித்தார்.

பரிசுக்கு யார் பணம் தருகிறார்கள் என்ற பகுதியும் நன்றாக இருந்தது. 2019-இல் ஒரு பேருந்து நிறுவனம் புரவலராக அறிவிக்கப்பட்டு, மறுநாளே விலக்கப்பட்டது. அதன் தலைவர் பிரையன் சூட்டர், தன்பாலின ஈர்ப்பைப் பற்றி உள்ளாட்சிகள் ஆதரவாக எதுவும் செய்யக் கூடாது என்ற 1988-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை ஸ்காட்லாந்தில் தக்கவைக்க 2000-இல் சொந்தப் பணத்தில் இயக்கம் நடத்தியவர். இந்த இடத்தில், பெங்களூரு வெங்கடப்பா கலைக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் விடும் ஒப்பந்தத்தை எதிர்த்து 2016-இல் இந்நகர ஓவியர்கள் தெருவில் இறங்கியதையும், ஒப்பந்தம் கைவிடப்பட்டதையும் பரிஷத் மாணவர்கள் எடுத்துப் பேசினார்கள். விவாதம் இருபது நிமிடம் ஓடியது, ஆசிரியர் நிறுத்தவில்லை. மற்ற அமர்வுகளில் நிறுத்தியவர் இங்கே விட்டது நல்லதே.

வயது வரம்பைப் பற்றி அவர் சொன்னதும் குறித்துவைக்கத் தக்கது. ஐம்பது வயதுக் கட்டுப்பாடு 2017-இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டே சான்சிபாரில் பிறந்த லுபைனா ஹிமித், தம் 63-ஆம் வயதில், பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். தாட்சரும் ரீகனும் காதல் நாடகம் ஆடுவதாக 1986-இல் அவர் வெட்டி ஒட்டிச் செய்த பெரிய அரங்கமைப்பு, முப்பது ஆண்டு கழித்து ஹல் நகரப் பரிசுக் கண்காட்சியில் முன் நின்றது. எண்பதுகளில் அதைச் செய்த தலைமுறையை அப்போது பார்க்காதிருந்துவிட்டு, பிறகு வயது தாண்டிவிட்டது என்று கதவை மூடிவைத்த ஒரு விதி, எந்த ஓவியத்தையும்விட அரசியலானது. பரிசின் அரசியல் அதன் பட்டியலில் இருப்பதைப் போலவே அதன் விதிகளிலும் இருக்கிறது என்ற இந்தப் பார்வை கையேட்டில் இல்லை, சேர்க்க வேண்டும்.

நான்காவது அமர்வில் வசதிக் குறைவு பாடத்தையே கெடுத்துவிட்டது. பொருள், 2018, 2019 ஆண்டுகள். இரண்டுமே திரையையும் ஒலியையும் நம்பியவை. 2018-இல் பட்டியலில் இருந்த நால்வருமே நகரும் படத்தில் வேலை செய்தவர்கள். டாக்காவில் வளர்ந்த நயீம் முகைமன், 1973-இல் அல்ஜியர்ஸில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டையும் 1974 லாகூர் இஸ்லாமிய மாநாட்டையும் பற்றி மூன்று திரைகளில் அமைத்த நீண்ட படம் நமக்கு எவ்வளவு நெருக்கமான பொருள்! ஓய்வு பெற்றவர்கள் பலர் அந்த ஆண்டுகளை நினைவு வைத்திருப்பவர்கள். அதற்குக் கிடைத்தது நிழற்படங்கள் நான்கும் பத்து நிமிடமும் மட்டுமே. ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர் குழு, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து உம் அல்-ஹிரான் கிராமத்தில் 2017 ஜனவரியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கார் ஓட்டிவந்த ஒருவர் இறந்த நிகழ்வை நொடிநொடியாகப் பிரித்து, கார் வேகமெடுத்தது சுட்டதற்குப் பிறகே என்று காட்டியதை ஆசிரியர் தெளிவாக விளக்கினார். சான்று திரட்டுவது கலையாகுமா என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, பதிலை எவரும் தேடும் முன் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு லாரன்ஸ் அபு ஹம்தான். சிரியாவின் செய்த்னயா சிறையில் கைதிகள் இருட்டிலும் கண் கட்டப்பட்டும் வைக்கப்பட்டிருந்ததால் அவர்களுக்கு எஞ்சியிருந்தது கேட்ட ஒலியின் நினைவு மட்டுமே. அந்த நினைவைக்கொண்டு சிறையை மீட்டெடுக்க உதவியவர் அவர். 2011-க்குப் பிறகு கைதிகள் தங்களுக்குள் பேசத் துணிந்த கிசுகிசுப்பின் அளவு 19 டெசிபல் குறைந்தது என்று அவர் காட்டினார். அந்த ஒலிப்பதிவை விளக்குவதற்கு அமைதி வேண்டும். இரண்டாம் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி இரைச்சலுக்கும் தெருவில் ஆட்டோ ஒலிப்பானுக்கும் நடுவே, மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் அதைக் கேட்கச் செய்தது பயனற்ற முயற்சி. ஆளுக்கொரு காதொலிப்பான் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். அவ்வாண்டு நால்வரும் தங்களை ஒரே குழுவாகக் கருதும்படி நடுவர்களுக்கு எழுதி, 40,000 பவுண்டைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் பொதுத் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, டிசம்பர் 3 அன்று நடந்தது அது. ஆசிரியர் இதை ஒற்றுமையின் வெற்றியாக மட்டுமே பேசினார். என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு துயரங்களை ஒப்பிடவே கூடாது என்றால், பார்வையாளருக்கும் தீர்ப்புச் சொல்லும் உரிமை போய்விடுகிறது. வட அயர்லாந்தின் டெரி நகரில் 1968-இல் குடிமை உரிமை இயக்கத்தில் பெண்கள் ஆற்றிய பங்கைப் பற்றிய ஹெலன் கேமக்கின் படம் நன்றாக இருந்ததா, சுமாராக இருந்ததா என்று அதன்பின் எவரும் கேட்கவில்லை.

கடைசி அமர்வில் ஆசிரியர் தம் முறையையே கைவிட்டுவிட்டார் என்பது என் பெரிய குறை. 2023-இல் வென்ற ஜெஸ்ஸி டார்லிங் கூட்டத்தைத் தடுக்கும் இரும்புத் தடுப்புகளைக் கால் மடக்கி நடக்கவைத்தவர். கந்தலான பிரிட்டிஷ் கொடிகளும் முள்கம்பியும் அவருடைய கண்காட்சி முழுவதும். 2024-இல் வென்ற கிளாஸ்கோ சீக்கியப் பெண் ஜஸ்லீன் கவுர், சிவப்பு ஃபோர்டு எஸ்கார்ட் காரின் மேல் மிகப் பெரிய பின்னல் விரிப்பு ஒன்றைப் போர்த்தியவர். பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தும், வகுப்பின் பெரும்பகுதி இருவரும் மேடையில் ஆற்றிய உரைகளுக்கே போயிற்று: தாட்சர் பள்ளிகளில் கலைக்கல்வியைக் குறைத்தது, காசாவில் போர் நிறுத்தம், டேட் சில நன்கொடையாளர்களோடு உறவை முறிக்க வேண்டும் என்ற கோரிக்கை. உரைகள் முக்கியமானவையே. ஆனால் உரையைக் கேட்டபின் காரைப் பார்ப்பவர் காரைப் பார்ப்பதில்லை. ஹார்மோனியம் தானாக இசைக்க, ஒரு குடியேறிய குடும்பத்தின் ஆசைப்பொருளாகிய அந்தக் கார் ஏன் கல்யாண வீட்டுச் சோபாவைப்போல மூடப்பட்டு நிற்கிறது என்பதைப் பேச எங்களிடம் எவ்வளவோ இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

இதே அமர்வில் அவசரமாகக் கடந்துபோன இன்னொருவர் 2023 பட்டியலில் இருந்த பார்பரா வாக்கர். 1948-இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் தொடங்கி கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து குடியேறியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும், ஆவணம் இல்லை என்று சொல்லிப் பிரிட்டிஷ் அரசு பிற்காலத்தில் அலைக்கழித்தது. பாதிக்கப்பட்டவர்களின் முகங்களை அவர்களுடைய அடையாளத் தாள்களின் பிரதிகள் மேலேயே வாக்கர் வரைந்தார். கண்காட்சிச் சுவரில் நேரடியாகக் கரியால் வரைந்தவை காட்சி முடிந்ததும் அழிந்துபோகும். மூன்று தலைமுறையாக இந்நகரில் இருந்துகொண்டே இருப்பிடச் சான்றுக்கு அலுவலக வாசலில் நின்றவர்கள் நிறைந்த அறையில் இது ஒரு முழு மாலைக்குரிய பொருள். அதேபோல 2022-இல் வென்ற வெரோனிகா ரையன் இலண்டன் ஹாக்னியில் விண்ட்ரஷ் தலைமுறைக்காக அமைத்தவை சீத்தாப்பழம், சீமைப்பலா, முள்சீத்தா என்ற மூன்று பழங்களின் பெரிய வெண்கல, பளிங்குச் சிற்பங்கள். படம் வந்தவுடன் பெண்கள் பகுதியில் எழுந்த அடையாளம் கண்ட குரல்களை ஆசிரியர் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

வகுப்பு மறுபடி நிமிர்ந்தது இறுதி அரை மணி நேரத்தில், 2025-இல் பிராட்ஃபோர்டில் வென்ற நெனா காலுவிடம். கற்றல் குறைபாடு உள்ள, பேச்சு மிகக் குறைவாகவே உள்ள கலைஞர். துணி, கயிறு, பழைய ஒளிநாடா முதலியவற்றைச் சுற்றிச் சுற்றித் தொங்கும் பெரும் பொதிகளாக்குகிறார். மேற்கோள் காட்ட அவருடைய உரை இல்லாததால், ஆசிரியர் மீண்டும் படத்தைக் காட்டிப் பேசாமல் இருந்தார். ஆலையில் வேலை பார்த்தவர்கள் கட்டுகளின் இறுக்கத்தையும் சுற்று எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதையும் துல்லியமாகச் சொன்னார்கள். இது அரசியல் தேர்வா, கலைத் தேர்வா என்று பிரிட்டனில் எழுந்த சச்சரவை அதற்குப் பிறகு சொன்னபோது, அறையில் இருந்தவர்கள் முதலில் பேசியது கையின் உழைப்பைப் பற்றித்தான்.

கையேடு நேர்த்தியாக அச்சிடப்பட்டிருக்கிறது. தமிழ் நடை தெளிவு. படங்கள் மட்டும் கறுப்பு வெள்ளை, ஒஃபீலியின் பொன்னிறம் சாம்பலாகிக் கிடக்கிறது. படிக்கட்டு செங்குத்து, மின்தூக்கி இல்லை. முதியவர்கள் அதிகம் வரும் வகுப்புக்கு இது உண்மையான இடையூறு. நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிக்கிறார்கள். ஓவியம் பற்றிய முன்னறிவு தேவையில்லை, ஆனால் மூன்றாவது அமர்வுக்கு முன் கையேட்டின் முதல் பகுதியைப் படித்துவிடுவது நல்லது. ஏற்கெனவே கலை பயில்பவர்கள் முதல் மூன்று மாலைகளுக்கு மட்டும் வந்தாலே போதும். தனி அமர்வுக் கட்டணம் இப்போது இல்லை, கேட்டால் ஏற்படுத்துவதாகச் சொன்னார்கள். அடுத்த தொடர் கொச்சி-முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சியைப் பற்றியதாம். அதையும் இந்த மாடியில் திரையிலேயே முடித்துவிடாமல், எர்ணாகுளம் இரவு ரயிலில் ஒரு வார இறுதிக்கு எல்லோரையும் அழைத்துப்போனால், கூடுதல் கட்டணம் கொடுக்க நான் மட்டுமல்ல, அந்த எச்.ஏ.எல். பெரியவரும் தயாராக இருக்கிறார்.